கழுத்துப்பட்டை

“என் சொந்தக் குரலில் பாடம் எடுக்க விடுகிற நாடு எது, சார்?”

கேட்கவே கூடாது என்று பயிற்சியில் சொல்லி அனுப்பிய கேள்வி அது. ஏஜென்ட் தனபால் முகத்தைச் சுளித்தார்.

“ஏம்மா, வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சர் வேலை, அதுவும் முதல் வேலை. ஜப்பானுக்கு லண்டன் குரல், போலந்துக்கு அமெரிக்கக் குரல். கழுத்துல பட்டையை மாட்டினா போதும், குரல் தானா மாறிடும். மங்கோலியாவுலதான் பட்டை கேக்கறதில்ல. சம்பளமும் இல்லாத மாதிரிதான். குளிர் வேற.”

“வீட்டுக்குப் பேசும்போது கழற்றலாமா?”

“ஒப்பந்தம் முடியற வரைக்கும் கழற்ற முடியாது. இது சாம்பிள், போட்டுத்தான் பாரேன்.”

எத்தனையோ ஏஜென்சி ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துபோயிருந்தது. சண்டை போடத் தெம்பில்லை. பட்டையை மாட்டிக்கொண்டு, அவருடைய ஆபீஸ் போனில் ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். சித்தாள் வேலை பார்த்து என்னைப் பட்டம் வாங்க வைத்தவள்.

“அம்மா, நான்தான்.” யாரோ ஒரு லண்டன்காரி என் தமிழைப் பேசினாள்.

“யாரு, கம்பெனி மேடமுங்களா? வணக்கமுங்க! எம்பொண்ணு பூவிழி அங்கதான் இண்டர்வியூவுக்கு வந்திருக்குதுங்க. கொஞ்சம் வெடுக்குனு பேசும், மனசுல வச்சுக்காதீங்க மேடம். நல்ல புள்ளைங்க. பாத்து வேல போட்டுக் குடுங்க.”

என்னைப் பெற்றவள் எனக்காக என்னிடமே கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்தேன்.

தனபால் சிரித்தார். “பாத்தியா, பெத்த தாயே என்னா மரியாதை குடுக்குது!”

பட்டையைக் கழற்றி அவர் முன்னால் போட்டேன்.

“மங்கோலியாவுக்குப் போட்டுருங்க, சார். எங்கம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.