இன்னும் முத்தவில்லை

"கண்ல புரை இன்னும் முத்தலையாம்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்ங்கறார் டாக்டர்." அமெரிக்காவில் மூன்று வருஷமாக டாக்டரின் இங்கிலீஷை மகன் ரஞ்சித்குமார் இப்படித்தான் மொழிபெயர்த்துச் சொன்னான். மங்கிய பார்வையோடு பேத்தி வெண்பாவை வளர்த்தாள் சாந்தாமணி.

இந்த முறை அவன் ஆபீஸ் கால் பேச வெளியே போயிருந்தான். ரவுண்ட் ராக் ஊர் டாக்டர், மொழிபெயர்க்க ஃபோனில் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைப் பிடித்தார்.

"முத்தற வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம், ஆன்ட்டி. ஆபரேஷன் கால் மணி நேர வேலைதான். மூணு வருஷமா டாக்டர் சொல்றாராம். நீங்கதான் பயந்துட்டு வேண்டாம்னீங்களாம்."

"நானா? யாரு சொன்னது?"

"உங்க பையன்தானாம்."

உள்ளே வந்தவனிடம் கேட்டாள். அவன் தலை குனிந்தான். "பார்வை சரியானா ஊருக்குப் போயிடுவேன்னியேம்மா. வெண்பாவை யார் பார்த்துக்குவா?"

எப்போதும் அவனைக் 'கண்ணு' என்று கூப்பிடுகிறவள், "ரஞ்சித்குமார், நீங்க வெளிய இருங்க. எனக்கு எடுத்துச் சொல்ல இங்க ஆளிருக்குது" என்றாள்.