பழைய சிஸ்டம் திரும்பும் வரை

வெள்ளவத்தையிலுள்ள டைப்பிங் கடையில் பாலேஸ்வரி கணினித் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் நிற்கிறாள். காலையில் பொலிஸ் நடத்திய சுற்றிவளைப்பில் மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கொழும்பில் தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவின் பிரதியை நாலு மணிக்குள் நிலையத்தில் கொடுக்க வேண்டும். முன்பு இங்கே ஸ்கேன் செய்த பிரதி இந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது. ஆனால் நேற்று ஏற்றிய புது சிஸ்டத்துக்குப் பழைய பிரிண்டர் அசைய மறுக்கிறது. கடைக்காரர் ஒஸ்வால்ட் பழையதையே திருப்பி ஏற்றிக்கொண்டிருக்கிறார். “வேற கடையில எடுக்கேலாதோ தம்பி?” “இடையில நிப்பாட்டினா உள்ளதும் போயிடும் அன்ரி. கொஞ்சம் பொறுங்கோ.” மூன்றரையாகிறது. திடீரென மின்விளக்கு மங்குகிறது, மின்விசிறி தளர்கிறது. அவள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடிக்கிறாள். திரை அணையவில்லை. வெளிச்சம் மீள்கிறது, பழைய முகப்பு விரிகிறது. ஒஸ்வால்ட் எதையோ அழுத்த, பிரிண்டர் கரகரத்து இழுக்கிறது. தாளில் முதலில் பதிவுப் படத்திலுள்ள மகனின் தலைமுடி, பிறகு நெற்றி, வரிவரியாக இறங்கி வருகிறது. பாலேஸ்வரி இரண்டு கைகளையும் கீழே ஏந்திக்கொள்கிறாள்.