சிவப்புக் கோடு

முன்பெல்லாம் காப்பியடித்த வரிக்குத்தான் பல்கலைக்கழக மென்பொருள் சிவப்புக் கோடு போடும். இப்போது வேறெங்கும் இல்லாத வரிக்குப் போடுகிறது. புதிதாக இருந்தால் பிழை. ஒரு கோடு மிச்சமிருந்தாலும் முனைவர் பட்டம் கிடையாது.

தனசீலனும் அவன் மனைவி செந்தாமரையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தங்கள் ஆய்வேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவனுடையது வரலாறு, ஆற்றங்கரையிலிருந்து விரட்டப்பட்டவர்களைப் பற்றியது. அவளுடையது விலங்கியல், கொல்லிமலைச் சிலந்திகள். யாரும் அதுவரை பார்த்திராத ஒரு சிலந்தியை அவள் பிடித்து வந்து, சன்னலோரம் ஊறுகாய் பாட்டிலில் வளர்த்தாள்.

தனசீலனின் போன் அடித்தது. ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்த நாளைப் பற்றி ஆய்வுக்காக அவனிடம் பேசிய தேசம்மாள்.

"தம்பி, எம் பொண்ணு உள்ள மாட்டிக்கினு செத்தத எழுதிட்டியாப்பா?"

"எழுதிட்டேன்க்கா."

"அது போதும். அத்த வேற எவனும் எழுதல."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். வேறு எவனும் எழுதாததால்தான் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு. பக்கத்தை அழித்தான்.

"உன்னோடது?" என்றான்.

"அந்தப் புதுச் சிலந்தியை எடுத்துட்டேன். பாஸாயிடுச்சு."

பாட்டிலுக்குள் சிலந்தி மூடி வரை ஏறி வந்து காத்திருந்தது.

"அதுக்கு இன்னிக்கு ஈ பிடிச்சுப் போடலையா?"

"எதுக்கு?" என்றாள் செந்தாமரை. "அதான் இல்லேன்னு ஆயிடுச்சே."