ஆறெழுத்து வார்த்தை

"அப்பா, அந்த வார்த்தையில 'டி' இருக்கா? இருந்தா கண்ணை மூடுங்க."

கட்டிலில் கிடந்தவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

"இருக்கு!" என்று மகள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

பக்கவாதம் அவரைக் கழுத்துக்குக் கீழே கட்டைபோல் ஆக்கியிருந்தது. பேச்சும் போய்விட்டது. ஆனால் அறிவும் உணர்ச்சியும் அப்படியே இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். "ஆமான்னா கண்ணை மூடச் சொல்லுங்க. இல்லைன்னா திறந்தே வச்சிருக்கட்டும்."

தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் பொழுது சாய்ந்துவிடும் என்று மகள்தான் ஆங்கிலத்துக்கு மாறினாள். அவருக்கும் அது கைவந்த பாஷை. வேலைக்காலம் முழுக்க ஒரு கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் அடித்தவர். தெருவில் இன்றைக்கும் அவர் 'டைப்பிஸ்ட் சார்'தான்.

விடிந்ததிலிருந்தே எதையோ சொல்லத் தவித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. எத்தனை எழுத்து என்று மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறில் கண்ணை மூடினார். பிறகு 'ஏ'யிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள். ஈ, ஐ, ஆர், எஸ், டி.

"அஞ்சு எழுத்துதானே வருது? ஏதோ ஒண்ணு ரெண்டு தடவை வரணும்" என்று மகன் சுவரில் சாய்ந்தபடி விரலால் காற்றில் எழுதிப் பார்த்தான். திடீரென்று முகம் மலர்ந்தது. "ரெசிஸ்ட்! எதிர்த்து நிப்பேன்னு சொல்றாரு. விடமாட்டாருடி நம்ம அப்பா! அப்படித்தானேப்பா?"

கண்கள் திறந்தே இருந்தன.

மருந்து கொடுக்க வந்த நர்ஸ் முகம் சுளித்தாள். "ஏன் இப்படிப் போட்டுப் படுத்துறீங்க? பாருங்க, கண்ணை எப்படி இறுக்கி இறுக்கி மூடுறாருன்னு. களைச்சுப் போயிட்டாரு, தூங்க விடுங்க." வந்த வேகத்திலேயே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்கு இங்கிலீஷெல்லாம் ஓடாது. ஆனா... சிஸ்டர்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுக்கு எத்தனை எழுத்து?"

மகள் விரல்விட்டு எண்ணினாள்; ஆறு. பிறகு குனிந்து, "சிஸ்டரா அப்பா?" என்றாள்.

கண்ணை மூடினார். திறந்து மறுபடி மூடினார். கன்னத்தில் நீர் வழிந்தது.

மனைவி எழுந்து தலைமாட்டுக்கு வந்தாள். புருஷன் வீடே வேண்டாமென்று பெட்டியோடு வந்து நின்ற நாத்தனாரை, "ஒண்ணு நான் இருக்கணும், இல்லன்னா உங்க தங்கச்சி இருக்கணும்" என்று ஒற்றைப் பேச்சில் வெளியேற்றியவள் அவள். அவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையும் அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

"வரச் சொல்றேங்க. இப்பவே உங்க தங்கச்சிய வரச் சொல்றேன். சரியா?"

அவர் கண்ணை அகல விரித்து அவளையே பார்த்தார்.

"பாரு, இமைகூடக் கொட்டாம காத்துக்கிட்டு இருக்காரு" என்று தேம்பியபடி போனை எடுத்தாள்.

தங்கை வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பஸ் மாறிப் பஸ் மாறி ஓடி வந்தவள், வராந்தாவில் அண்ணியைப் பார்த்ததும் நின்றாள். அண்ணி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உன்னத்தாம்மா கூப்பிட்டாரு. காலையிலேர்ந்து உன் நினைப்புதான். போ, நீ மட்டும் போய்ப் பக்கத்துல உக்காரு. நாங்க வரல."

தங்கை உள்ளே போனாள். பின்னாலேயே ஒரு நர்ஸ் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். தங்கை வர வெகுநேரம் ஆனது. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்த மகனுக்கு ஆச்சரியம். அப்பாவின் நெற்றியில் வியர்வை இல்லை. முகம் அமைதியாக, தூக்கத்தில் இருந்தது.

"அத்தை வந்ததும் எப்படி ஆயிட்டாரு பாரேன்" என்றான் கூடப்பிறந்தவளிடம்.

விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்துபோன வீட்டில், அண்ணி நாத்தனாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் செஞ்சது பாவந்தான். ஆனா கடைசியில அவர் கேட்டதக் குடுத்துட்டேன்ல? அது ஒண்ணுதான் என் மனசுக்கு ஆறுதல். உன்னப் பாத்தப்புறந்தானே அந்த மனுஷன் நிம்மதியாக் கண்ணை மூடினாரு?"

"ஆமா அண்ணி, என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு. நீங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க" என்றாள் தங்கை.

அண்ணனின் பார்வை தன் மீது நிற்காமல், தோளைத் தாண்டி வாசலில் தெரிந்த வெள்ளை உடுப்பையே தேடியதை அவள் சொல்லவில்லை. போர்வையை விலக்கிய அந்த நர்ஸ் பதறிப்போய்ச் சொன்னதையும்தான்: "ஐயையோ, மூத்திரக் குழாய் அடைச்சு வயிறு கல்லா இருக்கே! காலையிலேர்ந்து உயிர் போற மாதிரி வலிச்சிருக்குமே... இத்தனை பேர் கூட இருந்தும், 'சிஸ்டர்'னு எங்களை ஒரு குரல் கூப்பிட ஆளில்லையா?"