ஷெல் இல்லாத பெட்டி

"சார், முதல் வரியில அந்தக் கடைசி வார்த்தைய எடுத்துட்டீங்களா?"

மேசையின் மறுகோடியிலிருந்து அவள் கேட்டாள். ஒரு வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், ஊரையே கூட்டி வைத்திருக்கும் நேரத்தில் கேட்கிறாள்.

"எல்லாம் எடுத்தாச்சு. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றேன். எதை எடுக்கச் சொல்கிறாள் என்று யோசிக்கக்கூட இல்லை.

முதலாளி சிரித்தார். தணிக்கைக்கு வந்திருந்த அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் டி.என்.எஸ் சர்வர் ஓட்டப் போகிறோம். அங்கே இருக்கும் ஒவ்வொரு கணினியும் ஒரு பெயரைச் சொல்லி, அதன் முகவரி என்ன என்று எங்கள் சர்வரைத்தான் கேட்கும். ஸ்கேன் படமா, ரத்தப் பரிசோதனையா, மருந்துக் கிடங்கா, நாங்கள் கைகாட்டும் இடத்துக்குப் போகும். உள்ளே ஒரு திருடன் புகுந்துவிட்டால் அவன் கைகாட்டும் இடத்துக்குப் போகும்.

அதனால் சர்வரை ஒரு கன்டெய்னருக்குள் வைத்திருந்தோம். நாங்கள் அதைப் பெட்டி என்போம். பதில் சொல்லும் நிரலைத் தவிர உள்ளே துரும்புகூட இருக்கக் கூடாது. முக்கியமாக ஷெல் இருக்கக் கூடாது. கட்டளை அடிக்க ஓர் இடம் கிடைத்துவிட்டால் போதும், வந்தவன் உள்ளே குடித்தனமே நடத்திவிடுவான்.

இதைப் பற்றி நான் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ஆபீசில் என் பட்டப்பெயரே பூட்டு.

அந்தப் பெட்டிக்குள்தான் போன வாரம், எங்கள் சொந்தச் சோதனையிலேயே, ஷெல் அகப்பட்டது.

பெட்டியைக் கடைசியாகக் கட்டியவள் அவள். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அத்தனை பேர் முன்னாலும் இவள்தான் என்றேன். ஏதோ சொல்ல வந்தாள். சாக்குச் சொல்லாதே என்று வாயை அடைத்தேன். பெட்டி கட்டும் அனுமதியை அங்கேயே, அவள் கண்ணெதிரே பிடுங்கினேன்.

அவளை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை இன்றைய தணிக்கை முடிந்ததும் சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அவளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போய்க் காட்டுங்க," என்றார் அதிகாரி அம்மா.

"போக முடியாதுங்க. அதைத்தான் காட்டப் போறேன்."

கட்டளையை அடித்தேன். இன்று காலை என் கையாலேயே புதிதாகக் கட்டிய பெட்டி. ஷெல் இல்லை என்று ஒரு வரி வர வேண்டும். அது வந்ததும் நாற்காலியில் எப்படிச் சாய்ந்துகொள்ள வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

அந்த வரி வரவில்லை.

கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது. வாங்க, என்ன வேணும் என்று கேட்பதுபோல.

பெட்டிக்குள் இருந்தேன்.

பெட்டியை எப்படிக் கட்டுவது என்று எழுதி வைத்திருக்கும் குறிப்பில், முதல் வரியின் கடைசி வார்த்தை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டீபக். அந்த வார்த்தையைச் சேர்த்தால், பிழை தேடுவதற்கென்று பெட்டியோடு ஒரு ஷெல்லும் வரும். எப்போதோ பெயர்களுக்குப் பதில் வராமல் சர்வர் தடுமாறியபோது, உள்ளே எட்டிப் பார்க்க நான்தான் சேர்த்தேன். பார்த்துவிட்டு எடுக்க மறந்தேன். அவள் கட்டியது என் வரியை வைத்துத்தான். காலையில் நான் புதிதாகக் கட்டினேன் என்று பீற்றிக்கொண்டதும் அதே வரியை நகலெடுத்து ஒட்டித்தான்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "மறுபடியுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அப்படியே நம்பிவிட்டால் நல்லது என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன்.

"இப்போ இதைக் கட்டுறதுக்கு யாருக்கு அனுமதி இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி அம்மா.

அவள் விரலை நீட்டி என்னைக் காட்டியிருக்கலாம். யாரும் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எனக்கு இல்லைங்க," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"எனக்கு மட்டும்தான்," என்றேன். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். "எனக்கு மட்டும்தான். போன வாரம் இருந்ததும் நான் வச்சதுதான்."

முதலாளி திட்டியிருந்தால் தேவலை. அவளிடம் நாளையிலிருந்து பெட்டியை நீயே கட்டும்மா என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரி அம்மா இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து கீழே இறங்கினேன். வண்டி நிறுத்தும் இடத்தில் அவள் நின்றிருந்தாள். கையில் இரண்டு ஹெல்மெட்.

"வாங்க. பாப்பாவக் கூப்பிட நேரமாச்சு," என்றாள்.

போன வாரம் நான் அவள் மேல் பழியைப் போட்டு முடித்ததும், முதலாளி என் முதுகில் தட்டினார். கட்டின பொண்டாட்டின்னுகூடப் பாக்கலையே, நீதான்யா நேர்மையானவன் என்றார். பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் அதை நெளியாமல் வாங்கிக்கொண்டேன்.

ஹெல்மெட்டை மாட்டி, முன்கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டேன். வண்டியை அவள்தான் ஓட்டினாள்.