கோடரியைக் கீழே வைப்பது

முகமூடிக்காரர்கள் புதருக்குப் பின்னால் வந்து நின்றதும் சோலையப்பனின் கட்டைவிரல் தானாகக் கோடரிப் பக்கம் போனது.

உடனே செல்போன் திரையில் எழுத்து வந்தது. “அதைக் கீழ வைங்க. எத்தனை தடவை சொல்றது.”

எழுதியது மயில். விளையாட்டுக்காக வைத்துக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயர் சுடர்விழி, சோலையப்பனின் மகள்.

அவருக்கும் அங்கே வேறு பெயர்தான். வழிப்போக்கன். யாரென்று தெரிந்தால் மகள் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

டிப்போ ஓய்வறையில் மின்விசிறி சுற்றுவதாகப் பேர். பெஞ்சில் இரண்டு டிரைவர்கள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து விராலிமலைக்குப் போவதும் வருவதுமாக நின்றுகொண்டே டிக்கெட் போட்டதில், சோலையப்பனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவரும் கொஞ்சம் கண்ணை மூடியிருக்கலாம். ஆனால் ஓசூரில் மகளுக்குச் சாப்பாட்டு இடைவேளை இந்த நேரத்தில்தான். சாப்பிட்ட கையோடு காட்டுக்குள் வருவாள்.

கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. அம்மாவோடு மட்டும்தான் பேச்சு. காட்டில் பிழைத்துக் கிடக்கும் விளையாட்டு ஒன்றை அவள் ஆடுகிறாள், அதில் அவள் பெயர் மயில் என்று ஒருநாள் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள். மறுநாளே செல்போன் கடையில் கொடுத்து அதை ஏற்றிக்கொண்டார்.

மரம் வெட்டலாம், குடிசை போடலாம், தீ மூட்டலாம். அதெல்லாம் வந்துவிட்டது. காட்டில் திரியும் முகமூடிக்காரர்களைச் சமாளிப்பதுதான் வரவில்லை. ஓடினால் துரத்தினார்கள். சுவர் எழுப்பினால் சுவரைச் சுற்றிக் கூடினார்கள். ஒருவனை வெட்டினால் அடுத்த தடவை கூட்டமாக வந்தார்கள். முகூர்த்த நாள் பஸ்கூட இவ்வளவு படுத்தியதில்லை. செத்துச் செத்து அலுத்துப்போன வழிப்போக்கனை ஒருநாள் மயில்தான் கூடச் சேர்த்துக்கொண்டாள்.

அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. முதலில் அவர்கள் பார்க்கத்தான் வருவார்கள். ஓடக் கூடாது, முறைக்கக் கூடாது. கையில் ஒன்றும் இல்லாமல் நின்றால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கோடரியை ஓங்கினால் கடைசிவரை பகைதான்.

அவர் காட்டுக்குள் நுழைந்தாலே அவள் முதல் வேலையாகத் தன் கோடரியைத் தரையில் வைத்துவிடுவாள். மரமண்டைக்குப் புரியட்டும் என்று செய்து காட்டுகிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இன்று அவரும் வைத்தார்.

ஒரு முகமூடிக்காரன் முகத்துக்கு நேரே வந்து நின்றான். சுற்றினான். முகர்ந்து பார்த்தான். சோலையப்பன் ஓய்வறையிலேயே மூச்சை அடக்கிக்கொண்டார். பிறகு அவன் திரும்பிப் புதருக்குள் போனான். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்த வயதில் ஒரு விளையாட்டுக்கா என்று வெட்கமாகவும் இருந்தது. போனவர்கள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கோடரியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மயில் எழுதினாள். “எங்க வீட்டுக்கும் ஒருத்தர் பாக்கத்தான் வந்தாரு. கையில ஆப்பிள் பை. எங்கப்பா அருவாளோட நின்னாரு.”

சோலையப்பன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

அன்றைக்கு அவர் தென்னை மட்டை சீவிக்கொண்டிருந்தார். அரிவாள் அதற்காக எடுத்ததுதான். ஆனால் கேட்டில் அந்தப் பையனைப் பார்த்த பிறகும் அதைக் கீழே போடவில்லை. பையன் ஆப்பிள் பையைக் கேட்டருகில் வைத்துவிட்டுப் போனான். அந்த வாரமே மகளும் அவனோடு போய்விட்டாள்.

முன்பின் தெரியாத ஒரு வழிப்போக்கன் இதற்கு என்ன பதில் சொல்வான் என்று யோசித்தார்.

“சரி, குடிசைக்குப் போவமா?” என்று அவளே கேட்டாள்.

“ரைட்” என்று தட்டினார்.

பிறகு எழுத்து வந்தது.

“ரெண்டு விசில் குடுங்க அப்பா. அப்பத்தான் வண்டி கிளம்பும்.”

‘ரைட்’ என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் போயிற்று என்று சோலையப்பன் நினைத்தார். இனி நாளைக்கு வரமாட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. ஓரிடத்தைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அவர் அதைத்தான் தட்டியிருக்கிறார். முதல் நாளிலிருந்தே. காலமெல்லாம் பஸ்ஸில் சொன்ன வாய், விரலுக்கும் அதுதான் வந்தது.

அப்படியானால் அந்த ஆப்பிள் கதையை அவள் வழிப்போக்கனிடம் சொல்லவில்லை.

திரையைப் பார்த்தார். முகமூடிக்காரர்கள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. காட்டில் வேறு யாரும் இல்லை. மயில் வெறுங்கையோடு அவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கோடரி இன்னும் தரையில்தான் கிடந்தது.

அவருடையது அவர் கையில் இருந்தது.

வெளியே யாரோ விராலிமலை வண்டிக்குக் கண்டக்டர் எங்கே என்று சத்தம் போட்டார்கள். சோலையப்பன் எழுந்திருக்கவில்லை. கோடரியைக் கீழே வைத்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

“மாப்பிள்ளை சாப்பிட்டாரா?”