அரைப் பேர்

தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் பதுளையிலிருந்து வரும் ரயில் நுழைகிறது, மேலே பிளாட்பாரத்துப் பெஞ்சு அதிர்கிறது. மலையைச் சுற்றிக்கொண்டு அது மேலே வருவதற்குள் றோசாலி தன் புருஷனிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும். யாகோப்பு துபாய்க்கு, ஆஸ்பத்திரிச் சமையல் வேலைக்குப் போகிறான். "ஏங்க, ஆஸ்பத்திரிதானே ஒங்க முதலாளி?" "வேலைதான் அங்க. பேரு பதியிறது ஆள் எடுக்கிற கம்பெனியில. சட்டத்துக்கு அவங்கதான் முதலாளி." அவன் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த, தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த அவள் விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. தோட்டத்தில் பாதிநாள் வேலைக்கு வருகைப் பதிவில் அரைப் பேர் போடுவார்கள். "பேரு ஒரு எடம், வேலை ஒரு எடம்னா ரெண்டு எடத்துலயும் நீங்க அரைப் பேருதான். காய்ச்சல்ல படுத்தா யாருங்க வந்து பார்ப்பா?" "அட, அவங்கள நம்மள வேலை வாங்குற கங்காணின்னு வச்சுக்கயேன் புள்ள" என்று சிரிக்கிறான். "கங்காணிக்காவது ஒங்க மொகம் தெரியும்." அவன் சிரிப்பு அடங்குகிறது. பனிக்குள்ளிருந்து என்ஜின் வெளிச்சம் மஞ்சளாகக் கசிந்து வருகிறது. அவன் ஏறிக்கொள்கிறான், ரயில் அசைகிறது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லாத றோசாலி, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்க, "சவரிமுத்து யாகோப்பு!" என்று முழுப் பெயரையும் கூப்பிடுகிறாள். தோட்டத்தின் காலைப் பெரட்டில் பேர் வாசித்து ஆள் கூப்பிடும்போது சொல்வதைப் போலவே ஜன்னலிலிருந்து பதில் வருகிறது: "இருக்கேங்க!"